எண்ணத் தெரியும், எத்தனை தெரியாது

என் தங்கை மகளுக்கு அப்போது மூன்றே கால் வயது. இருபது வரை எண்ணுவாள். தமிழிலும் எண்ணுவாள், இங்கிலீஷிலும் எண்ணுவாள். வீட்டுக்கு யார் வந்தாலும் எண்ணிக் காட்டச் சொல்வோம். அவளும் சலிக்காமல் காட்டுவாள். ஒரு மத்தியானம் பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டைகளைத் திண்ணையில் குவித்து விளையாடிக்கொண்டிருந்தாள். "கண்ணு, மாமாவுக்கு நாலு கொட்டை குடு" என்று கையை நீட்டினேன். ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் போட்டாள். "நாலு இருக்கா? எண்ணிப் பாரு." ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டு, ஒன்றையும் விடாமல், எதையும் இரண்டு தடவை தொடாமல், "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு" என்று முடித்தாள். "அப்ப எத்தனை இருக்கு?" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, மறுபடியும் "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்தாள்.

எண்ணியதில் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அவளைப் பொறுத்தவரை 'எத்தனை?' என்பது 'எண்ணு' என்பதற்கு இன்னொரு சொல். கடைசியாகச் சொன்ன 'ஏழு' அந்தக் கடைசிக் கொட்டையின் பெயரல்ல, கையில் இருக்கும் மொத்தத்துக்கும் அதுதான் பதில் என்பதை அவள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிப்பு என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். அதை யாராலும் சொல்லித் தர முடிவதில்லை, பிள்ளைக்கே பிடிபட வேண்டும்.

ரோச்சல் கெல்மன், ராண்டி கேலிஸ்டல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1978-இல் எழுதிய புத்தகத்தில் எண்ணுதலை ஐந்து விதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல். சொற்களின் வரிசை மாறக்கூடாது. கடைசிச் சொல்லே மொத்தம். கொட்டையோ காக்காயோ கைதட்டலோ எதையும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் தொகை ஒன்றே. நமக்கு இவை விதிகளாகவே தெரிவதில்லை, அவ்வளவு பழகிவிட்டன. என் தங்கை மகளுக்கு முதல் இரண்டும் வந்துவிட்டன, மூன்றாவதில் நின்றாள்.

அந்த மூன்றாவதை எப்படிக் கடக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. 1990-இல் கேரன் வின் செய்த ஆய்வில் சோதனை ஒன்றும் பெரிதில்லை, நான் கேட்டதைப் போலத்தான்: 'மூன்று பொம்மை கொடு', 'ஐந்து கொடு'. ஒரு கட்டத்தில் பிள்ளைக்கு 'ஒன்று' மட்டும் தெரியும். ஒன்று கேட்டால் ஒன்றைக் கொடுக்கும், வேறு எது கேட்டாலும் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுக்கும். சில மாதம் கழித்து 'இரண்டு' புரியும். இன்னும் சில மாதம் போனால் 'மூன்று'. இந்தக் கணக்கில் போனால் இருபதைப் புரிந்துகொள்ளப் பத்து வருஷம் ஆக வேண்டும். ஆனால் மூன்றுக்கோ நான்குக்கோ அப்புறம் திடீரென்று கதவு திறந்துகொள்கிறது: எண்ணத் தெரிந்த எல்லா எண்ணும் ஒரேயடியாகப் புரிந்துவிடுகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றரை வயதுக்கும் நாலரைக்கும் நடுவில் இது நடக்கிறது. இருபது வரை ஒப்பிக்கத் தெரிந்து ஒரு வருஷம் ஆகியும், கேட்டால் மூன்று கொட்டைக்கு மேல் எடுத்துத் தரத் தெரியாத பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒப்பிப்பதைக் கேட்டு நாம்தான் ஏமாந்துபோகிறோம்.

பள்ளிக்கூடப் பாடத்திட்டங்களை இந்தக் கண்ணோடு படித்தால் வேறு மாதிரித் தெரியும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் 2010 முதல் ஏற்றுக்கொண்ட 'காமன் கோர்' தரநிலைகள், ஐந்து வயது முடிந்த கிண்டர்கார்ட்டன் பிள்ளை நூறு வரை ஒன்றொன்றாகவும் பத்துப் பத்தாகவும் எண்ண வேண்டும் என்கின்றன. ஆனால் எழுதுவதற்கு இருபது வரை போதும். கூட்டல் கழித்தலுக்குப் பத்தே எல்லை. அதிலும் தடுமாறாமல் போட வேண்டியது ஐந்துக்குள்தான். எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. 'எத்தனை?' என்று கேட்டால் எண்ணிச் சொல்ல வேண்டும் என்கிற இடத்தில், பொருள்கள் வரிசையாகவோ வட்டமாகவோ அடுக்கியிருந்தால் இருபது வரை, சிதறிக் கிடந்தால் பத்து வரை என்று பிரித்திருக்கிறார்கள். எழுதியவர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிகிறது. சிதறிய கொட்டைகளை எண்ணும்போது எதை எண்ணினோம், எதை எண்ணவில்லை என்பதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டுமே.

நம் நாட்டில் 2021 ஜூலையில் தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டம், ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய பாலவாடிகாவுக்கு இன்னும் சிறிய இலக்கு வைத்திருக்கிறது. பத்து வரை இலக்கங்களை அடையாளம் கண்டு படிக்க வேண்டும், எண்களையும் பொருள்களையும் வடிவங்களையும் வரிசைப்படுத்த வேண்டும். வாசிப்பில் எழுத்துகளையும் அவற்றின் ஒலிகளையும் அறிந்து, இரண்டு மூன்று எழுத்துள்ள சொற்களைப் படிக்க வேண்டும். அவ்வளவுதான். தொண்ணூற்றொன்பது வரை படிப்பதும் எழுதுவதும் ஒன்றாம் வகுப்புக்கு உரியவை.

இதைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டு யு.கே.ஜி. பையனின் நோட்டைப் புரட்டினேன். நூறு வரை நேராக, நூறிலிருந்து தலைகீழாக, இரண்டாம் வாய்ப்பாடு, எண்ணின் பெயர்கள் இங்கிலீஷில், கூட்டெழுத்தில் கையெழுத்துப் பயிற்சி. பையனுக்கு நடு விரலில் பென்சில் அழுத்தி ஒரு காய்ப்பு. அரசு வைத்த இலக்கு ஏன் இவ்வளவு சின்னது என்று அவன் அப்பா கேட்டார். சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

எண்ணின் பெயர்களையே பாருங்கள். 'பதினொன்று' என்று சொல்லும்போதே பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன. பதின்மூன்று, பதினான்கு, இருபத்தொன்று எல்லாம் அப்படியே. இங்கிலீஷில் 'லெவன்', 'ட்வெல்வ்' என்பதில் பத்து எங்கே இருக்கிறது? 'தர்ட்டீன்' என்பதில் மூன்று முன்னால் வந்து பத்து பின்னால் போகிறது, எழுதும்போது மட்டும் ஒன்று முன்னால். இந்தி இன்னும் கடினம். நூறுக்குள் பெரும்பாலான எண்ணைத் தனித்தனியாக நெட்டுருப் போட வேண்டும். 29 என்பதற்கு அங்கே 'முப்பதுக்கு ஒன்று குறைவு' என்று பொருள்படும் சொல். 1995-இல் கெவின் மில்லரும் கூட்டாளிகளும் சீனப் பிள்ளைகளையும் அமெரிக்கப் பிள்ளைகளையும் எண்ணச் சொல்லிப் பார்த்தார்கள். பத்து வரை இரண்டு பக்கமும் சமம். பதினொன்றில் அமெரிக்கப் பிள்ளைகள் பின்தங்கத் தொடங்கினார்கள். சீனத்தில் 11 என்பது 'பத்து ஒன்று', 12 என்பது 'பத்து இரண்டு'. அமெரிக்கப் பிள்ளைகளிடம் ஒரு குறையும் இல்லை, அவர்கள் சுமந்த சொற்களில்தான் சிக்கல்.

தமிழ்ப் பிள்ளைக்கும் அந்தச் சீன வசதியில் பெரும்பங்கு பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது. பெரிய முடிச்சு ஒன்பதில். தொண்ணூறுக்குள் 'நூறு' ஒளிந்திருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் 'ஆயிரம்' ஒளிந்திருக்கிறது. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் பிள்ளைகள் திணறுவதில் வியப்பில்லை. என் தங்கை மகள் நாலரை வயதில் 'இருபத்தி ஒம்பது, இருபத்திப் பத்து, இருபத்திப் பதினொண்ணு' என்று போய்க்கொண்டே இருந்தாள். அவள் அப்பா திருத்தப் பார்த்தார், நான் தடுத்தேன். 'இருபத்திப் பத்து' என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எண்களுக்குள் இருக்கும் விதியை அவளே கண்டெடுத்து, ஒரு படி அதிகமாக ஓட்டிவிட்டாள். ஒப்பிக்கிற பிள்ளைக்கு இந்தத் தப்பு வரவே வராது.

காமன் கோரில் கிண்டர்கார்ட்டனுக்கு உள்ள கனமான இலக்கும் இதுதான்: 11 முதல் 19 வரை உள்ள எண்களைப் 'பத்தும் இன்னும் சிலவும்' என்று பிரித்துப் பார்ப்பது. இலக்கத்தின் இடமதிப்பு முழுவதும் இந்த ஒரு வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. நமக்கு மொழியே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. ஆங்கிலவழி மழலையர் வகுப்பில் அந்த வசதியை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு 'ட்வெல்வ்'-க்கு ஸ்பெல்லிங் நெட்டுருப் போட வைக்கிறோம். பணம் கட்டி.

எண் பழக நல்ல வழி எது என்று கேட்டால் நான் பரமபதப் பலகையைக் காட்டுவேன். ராபர்ட் சீக்லர், கீதா ராமணி இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட நேர்க்கட்ட விளையாட்டை ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளோடு இரண்டு வாரத்துக்குள் நான்கே தடவை, தடவைக்குப் பதினைந்து நிமிஷம் ஆடினார்கள். எண் எது பெரிது, எது எங்கே வரும் என்பதில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட பலகையில் ஆடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. 2014-இல் வந்த இன்னொரு ஆய்வு ஒரு நுணுக்கத்தைச் சொன்னது. காய் 15-இல் நிற்கிறது, மூன்று விழுகிறது என்றால் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று நகர்த்தினால் பெரிய பலனில்லை. கட்டத்தில் உள்ளபடி 'பதினாறு, பதினேழு, பதினெட்டு' என்று சொல்லி நகர்த்தினால்தான் எண் வரிசை மனசில் பதிகிறது. நாம் எல்லோரும் முதல் வகையில் ஆடித்தான் வளர்ந்தோம். மாற்றிக்கொள்ள ஒரு செலவும் இல்லை.

வாசிப்புக்கு வருவோம். இங்கே பிள்ளை செய்ய வேண்டிய கண்டுபிடிப்பு வேறு: பேச்சை உடைக்கலாம் என்பது. 'மரம்' என்றால் அதற்கு இலையும் நிழலும்தான் தோன்றும். அந்தச் சொல்லே ஒலித் துண்டுகளால் ஆனது என்று அதுவரை நினைத்துப் பார்க்கத் தேவை வந்திருக்காது. அமெரிக்கத் தரநிலை மூன்று ஒலிகள் உள்ள சின்னச் சொற்களில் முதல் ஒலி, நடு உயிர், கடைசி ஒலி மூன்றையும் பிரித்துச் சொல்லக் கேட்கிறது. எல், ஆர், எக்ஸ் ஒலியில் முடியும் சொற்களை மட்டும் விலக்கியிருக்கிறார்கள்: எல், ஆர் முன்னால் உள்ள உயிரோடு குழைந்துவிடும், எக்ஸ் என்பதே இரண்டு ஒலி. இது இயல்பாக வருகிற திறமை இல்லை. 1979-இல் ஜோசே மொராய்ஸ் குழுவினர் போர்ச்சுகலில் எழுத்தறியாத பெரியவர்களிடம் ஒரு சொல்லின் முதல் ஒலியை எடுத்துவிட்டு மீதியைச் சொல்லச் சொன்னார்கள். அவர்களில் மிகப் பலரால் முடியவில்லை. அதே சூழலில் வளர்ந்து, பெரியவர்களான பிறகு எழுத்துக் கற்றவர்களால் முடிந்தது. ஒலியைப் பிரிக்கும் காதை எழுத்துதான் தருகிறது.

தமிழில் கதை கொஞ்சம் மாறும். 'மரம்' என்பதன் முதல் ஒலி என்ன என்று நம் பிள்ளையைக் கேட்டால் 'ம' என்னும், 'ம்' என்னாது. சரியான பதில்தான். நம் எழுத்து உயிரையும் மெய்யையும் சேர்த்து ஒரே வடிவமாக்குகிறது. ஒவ்வோர் அசைக்கு முன்னும் 'க' சேர்த்து ரகசியம் பேசும் விளையாட்டை நினைத்துப் பாருங்கள். பள்ளி போகும் பிள்ளைகள் அதைச் சரளமாகப் பேசுவார்கள். அசையை வெட்டுவது எளிது, அசைக்குள் இருக்கும் உயிரையும் மெய்யையும் வெட்டுவது கடினம். கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக் 2007-இல் எழுதியதும் இதைத்தான்: அசை உணர்வு சீக்கிரம் வருகிறது, தனி ஒலி உணர்வு மெதுவாக வருகிறது, எழுத்துகள் முழுவதும் கைவசமாகச் சில வகுப்புகள் ஆகின்றன. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். நமக்கு 247. அத்தனையும் தனித்தனி வடிவமல்ல என்றாலும், 'கெ' எழுதும்போது ஒலியில் பின்னால் வரும் உயிரின் கொம்பு எழுத்தில் முன்னால் நிற்கிறது, 'கொ'வில் இரண்டு பக்கமும் அணைக்கிறது. கு, சு, டு, து என்று உகரம் எழுத்துக்கு எழுத்து முகம் மாற்றுகிறது. 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னா, றா போன்ற 13 எழுத்துகளின் தனி வடிவங்களை நீக்கிப் பிள்ளைகளின் பாரத்தைக் குறைத்தது. உகர ஊகாரத்தில் கை வைக்கவில்லை. வைத்திருக்கலாம்.

நம்மிடம் ஓர் அருமையான கருவியும் இருக்கிறது: புள்ளி. 'ம்' என்ற எழுத்து ஒரு தனி ஒலியைக் கண்ணுக்குக் காட்டுகிறது. பிள்ளை எவ்வளவோ பாடுபட்டுக் காதால் பிரிக்க வேண்டியதை ஒரு பொட்டு பிரித்துக் கொடுக்கிறது. பள்ளியில் அதைப் போய் 'இம்', 'இக்' என்று முன்னால் ஓர் இகரம் ஒட்டிச் சொல்லிக் கொடுத்துக் குழப்புகிறோம். வரிசையும் அப்படித்தான். அ, ஆ, இ, ஈ என்று தொடங்கினால் பன்னிரண்டு கடின வடிவங்களை எழுதி முடித்த பிறகும் பிள்ளையால் நாலு சொல் கூடப் படிக்க முடியாது. ட, ப, ம, அவற்றின் மேல் ஒரு புள்ளி, இவ்வளவு தெரிந்தால் படம், பட்டம், மடம், மட்டம் என்று அன்றைக்கே படிக்கத் தொடங்கலாம். கோடுகளும் பெரும்பாலும் நேர்கோடுகள்.

படிப்பது வேறு, புரிவது வேறு என்பதை 1986-இல் கஃப், டன்மர் இருவரும் ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள்: எழுத்துக்கூட்டும் திறனையும் மொழியறிவையும் பெருக்கினால் வாசிப்பு. கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். வீட்டில் பூனை, கோழி, முறம் என்று வாழும் பிள்ளை 'சி-ஏ-டி கேட்' என்று கூட்டிப் படிக்கும்போது முதல் எண் ஏறுகிறது, இரண்டாவது எண் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது. போதாததற்கு இங்கிலீஷ் எழுத்துமுறை. ஐரோப்பாவில் 13 எழுத்துமுறைகளை ஒப்பிட்டு 2003-இல் வந்த ஆய்வு, அடிப்படை வாசிப்பைக் கற்க ஆங்கிலப் பிள்ளைகளுக்கு, எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் மொழிகளின் பிள்ளைகளைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் காலம் பிடிக்கிறது என்றது. தாய்மொழியாகப் பேசும் பிள்ளைகளின் நிலையே அது. தமிழில்கூட வீட்டில் 'ரெண்டு', புத்தகத்தில் 'இரண்டு', வீட்டில் 'வந்துச்சு', புத்தகத்தில் 'வந்தது' என்று ஒரு சின்ன வாய்க்கால் உண்டு. தாத்தா பாட்டி சொல்லும் கதையைக் காட்டிலும், யாராவது புத்தகத்தைப் பார்த்துப் படித்துக் காட்டும் கதைதான் அந்த வாய்க்காலைத் தாண்ட வைக்கும்.

எழுதுவதைப் பற்றியும் ஒன்று. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பூர் ஆண்கள் அனாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து வியந்து, அந்த முறையைத் தம் இல்லத்துக்கும் பிறகு இங்கிலாந்துக்கும் கொண்டு போனார். காகிதத் தட்டுப்பாட்டில் பிறந்த வழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2012-இல் கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சில எழுத்துகளைத் தாமாக எழுத வைத்தார்கள், சிலவற்றின் மேல் கோடு இழுக்க வைத்தார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்ட வைத்தார்கள். பிறகு மூளையைப் படம் எடுத்துப் பார்த்தால், கோணல்மாணலாகத் தாமே எழுதிய எழுத்துகளுக்குத்தான் வாசிப்புக்கு உரிய பகுதிகள் விழித்துக்கொண்டன. புள்ளிகளைச் சேர்த்து எழுத்தை வரையும் நோட்டுப் புத்தகங்கள் அழகாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

கோணல்மாணலில் ஒரு வகை, கண்ணாடியில் பார்த்தது போல் திருப்பி எழுதுவது. ஐந்து வயதில் மிகச் சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை. மாடு இடப்பக்கம் பார்த்து நின்றாலும் வலப்பக்கம் பார்த்து நின்றாலும் மாடுதான் என்று நம் மூளை பிறவியிலேயே அறிந்து வைத்திருக்கிறது. எழுத்துக்காக மட்டும் அந்த நல்ல பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் இங்கிலீஷில் பி-யும் டி-யும் ஒன்றாகிவிடும். தமிழில் அப்படி ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான எழுத்து ஜோடி கிடையாது. 1990-களில் ஈவ் டான்சிகர், எரிக் பெடர்சன் ஆகியோர் செய்த ஆய்வுகளில், தமிழ் எழுத்து மட்டும் அறிந்தவர்கள் ஓர் உருவத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் வேறு வேறு என்று பிரித்துச் சொல்வதில் எழுத்தறியாதவர்களைப் போலவே இருந்தார்கள். ரோமன் எழுத்தும் படித்தவர்கள் சட்டென்று பிரித்தார்கள்.

என் தங்கை மகளுக்கு இப்போது ஐந்து நடக்கிறது. போன வாரம் ஒரு தாளில் பெரிதாகப் 'பட்டம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பட்டமும் வரைந்து எடுத்து வந்தாள். ப சரி, ம் சரி. ட்-இல் வலப்பக்கம் போக வேண்டிய கோடு இடப்பக்கம் போயிருந்தது, அடுத்த ட-வும் அப்படியே. நான் 'தப்பு' என்று சொல்லி முடிப்பதற்குள் என் அம்மா தாளை வாங்கினாள். ஐந்தாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் "பட்டம்" என்று படித்தாள்.

"அமுச்சி, மாமா தப்புங்கறாங்க."

"எங்கடா தப்பு? சரியாத்தானே எழுதியிருக்குது புள்ளை" என்று அம்மா தாளை என் பக்கம் நீட்டினாள்.